கடைசிக் கரண்டி வீலி

கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்த பிறகுதான் அதில் என்ன இருந்தது என்பது வில்ஹோ கர்வோனெனுக்கு உறைத்தது.

கிண்ணத்தை எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பாத்திரத்தை அவர் இவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எலுமிச்சை சோப்பு வாசனை.

"போச்சு," என்றார் அடுப்பைப் பார்த்து. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அதில் இருந்தது வீலி. கரண்டியால் தூக்கினால் நூல்நூலாக இழுபடும் தயிர். எங்கள் ஊரில் வீலி இல்லாத வீடு இருக்கலாம், வீலியைப் பற்றிப் பெருமையடிக்காத வீடு கிடையாது. வில்ஹோவின் மனைவி இர்மாவுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் தூக்கல். அவள் வம்சத்தில் முதன்முதலாகப் பின்லாந்திலிருந்து கப்பலேறியவள், உறைத் தயிரை ஒரு கைக்குட்டையில் தோய்த்துக் காயவைத்து, மடித்து, நெஞ்சோடு செருகிக்கொண்டு வந்தாளாம். இங்கே அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் செம்புச் சுரங்கத்துக் குடிசை ஒன்றில் அந்தக் கைக்குட்டையைப் பாலில் நனைத்தாளாம். அன்று உறைந்ததுதான் இன்றுவரை கிண்ணம் மாறிக் கிண்ணம் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரே ஒரு விதிதான். கடைசிக் கரண்டியைத் தின்னக் கூடாது. அதைக் கிண்ணத்தின் அடியில் தடவி, மேலே புதுப் பாலை ஊற்றி வைக்க வேண்டும்.

டுலூத் நகரத்தில் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கிளம்பும்போது இர்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கடைசிக் கரண்டி?"

"தொட மாட்டேன்."

"தொட்டா?"

"அதான் தொட மாட்டேங்கறேன்ல."

தொட்டது மட்டுமில்லை, கிண்ணத்தை வழித்து நக்கியும் விட்டார். குற்றம் முழுவதும் அவர் மேல் இல்லை. ரேடியோவில் ஐஸ் ஹாக்கி வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் சூடுபிடித்தபோது கரண்டி தானாகவே அடிவரை போய்விட்டது. அதற்கப்புறம், மனைவி இல்லாத வீட்டில் பொறுப்பான கணவனாக நடந்துகொள்ளலாமே என்று கழுவியும் வைத்தார்.

வேறு வாரமாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். வருகிற சனிக்கிழமை ஹெய்க்கி திருநாள். குளிர்காலம் பாதி கழிந்து, குகையில் தூங்கும் கரடி மறுபக்கம் புரண்டு படுப்பதை நாங்கள் ஊரே திரண்டு கொண்டாடும் நாள். இந்த வருஷம் அதற்குப் பின்லாந்திலிருந்து ஒய்லி ஹக்காலா என்ற அம்மாள் வேறு வருகிறார். ஊர் ஊராகப் போய்ப் பழைய வீலிகளை ருசி பார்த்து ஆராய்வது அவர் வேலை. எங்கள் ஊரில் இரண்டு வீலிகளை அவர் முன்னால் வைப்பதாக ஏற்பாடு. ஒன்று இர்மாவுடையது. இன்னொன்று ஹில்யா ரௌதியோவுடையது.

ஏன் இரண்டு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் சுரங்கத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. ஊரில் பாதிப் பேர் கொடி பிடித்தார்கள், பாதிப் பேர் பைபிள் பிடித்தார்கள். சுரங்கத்தை மூடி வெகு காலமாகிவிட்டது, பிடித்ததை மட்டும் யாரும் விடவில்லை. இர்மா சர்ச் கட்சி. ஹில்யா தொழிலாளர் மன்றக் கட்சி. இந்தக் கட்சிக்காரர் அந்தக் கட்சி வீட்டில் காபி குடித்ததாகச் சரித்திரம் இல்லை. வீலி உறை கொடுத்து வாங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வில்ஹோ ஆயுள் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வழியில் அடைப்பு என்றால் முட்டித் தள்ளிக்கொண்டு போவது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். உடனே கடைக்குப் போய் ஒரு டப்பா தயிர் வாங்கிவந்து, இர்மாவின் கிண்ணத்தில் தடவி, பாலை ஊற்றி, அடுப்பருகே வைத்தார்.

மறுநாள் காலையில் பால் உறைந்திருந்தது. ஆசையோடு கரண்டியால் தூக்கினார். பொத்தென்று கட்டியாக விழுந்தது. நூல் இழுபடவில்லை. சரி, இழுபட வைத்தால் போயிற்று என்று சோளமாவைக் கரைத்துக் காய்ச்சி அதில் கலந்தார். இப்போது இழுபட்டது. கரண்டியைக் கிண்ணத்திலிருந்து பிரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் செல்மா. சர்ச் கட்சியின் காபிப் பொறுப்பாளர். சனிக்கிழமைக்கு இர்மாவின் பெரிய காபிப் பானை வேண்டுமாம்.

"அட, வீலியா? ஒரு வாய் கொடு. இர்மா கை வீலி தின்னு எவ்வளவு நாளாச்சு!"

வில்ஹோ தடுப்பதற்குள் ஒரு கரண்டி செல்மாவின் வாய்க்குள் போய்விட்டது. அவள் மென்றாள். வீலியை மெல்ல வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் மென்றாள்.

"இதை யார் உறை ஊத்தினது?"

நானே என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பயத்தில் அவருக்கு வாய் முந்திக்கொண்டது.

"இர்மாதான். போறதுக்கு முன்னாடி ஊத்தி வச்சிட்டுப் போனா."

"அய்யோ பாவம்," என்றாள் செல்மா. காபிப் பானையை மறந்துவிட்டு வேகமாகக் கிளம்பிப் போனாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். பேசாமலே இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் சர்ச் கட்சியின் எல்லா நீராவிக் குளியல் அறைகளுக்கும் எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுப் போன் அடித்தது.

"செல்மா போன் பண்ணினா," என்றாள் இர்மா டுலூத்திலிருந்து.

"ஓகோ."

"என் வீலி செத்துப்போச்சாம்."

"அதெல்லாம் இல்லை. இங்க குளிர் ஜாஸ்தி. பால் சோம்பேறித்தனம் பண்ணுது."

"செல்மா அழுதா, வில்ஹோ. எனக்கும் இங்க ஒண்ணும் ஓடலை. அந்தம்மா முன்னாடி ஹில்யா கிண்ணம் இழுபட்டு, என் கிண்ணம் மட்டும் பொத்துனு விழுந்தா நான் எப்படிச் சர்ச் படியேறுவேன்?"

"விழாது."

"கடைசிக் கரண்டி இருக்குல்ல?"

"இருக்கு," என்றார். உலகத்தில் எங்கேயாவது ஒரு கடைசிக் கரண்டி இருக்கத்தானே செய்யும் என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

போனை வைத்தார். இர்மா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார், அது பழக்கமானது. அவள் குரல் உடைந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அப்புறம் தகவல் எதுவும் மாறாததால் திரும்பச் சொல்லவில்லை.

ஊரில் உயிரோடு இருக்கும் பழைய வீலி இன்னும் ஒன்றே ஒன்றுதான். அது எதிராளி வீட்டில் இருந்தது.

ஹில்யாவின் கணவர் தாவெட்டி ரௌதியோ, உறைந்த ஏரியின் மேற்கு ஓரத்தில் பலகைக் குடில் போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுபவர். வில்ஹோவின் குடில் கிழக்கு ஓரத்தில். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே மீன்களைத்தான் பிடிக்கிறார்கள், தூரத்தில் பார்த்தால் தலையைக்கூட அசைத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் வில்ஹோ ஏரியின் குறுக்கே நடந்து போய்க் குடிலுக்குள் தலையை நீட்டினார்.

தாவெட்டி துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மீன் கடிக்குதா?" என்றார் வில்ஹோ.

"இல்லை."

"அங்கயும் இல்லை."

வில்ஹோ உள்ளே வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மீனைப் பத்திப் பேசவா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

"இல்லை."

"யாராவது செத்துட்டாங்களா?"

"ஒரு விதத்துல," என்று சொல்லிவிட்டு வில்ஹோ நடந்ததை எல்லாம் கொட்டினார். பேசி முடித்தபோது தாவெட்டியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாரோ என்று வில்ஹோவுக்கு ஒரு கணம் மனசு நெகிழ்ந்தது.

"சோப்பா போட்டே?" என்றார் தாவெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எலுமிச்சை சோப்பு. சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு. ஒரு கரண்டி கொடுப்பியா?"

"உங்க கட்சிக்கா? மன்றத்துச் சுவத்துல இருக்கற பெரியவங்க எல்லாம் படத்துலேர்ந்து இறங்கி வந்து உதைப்பாங்க."

"ஹில்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"ஹில்யாகிட்டயா? அவ கிண்ணத்துப் பக்கம் போனாலே எனக்குச் சோறு கிடையாது. எடுத்தா திருட்டுத்தனமாத்தான் எடுக்கணும். எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா?" தாவெட்டி தூண்டிலை ஓரமாக வைத்தார். "சும்மா செய்ய முடியாது. ஊர்வலத்துல கரடி வேஷத்துக்கு ஆள் கிடைக்கலை."

"போன வருஷம் போட்டவன்?"

"இன்னும் தும்மிக்கிட்டிருக்கான்."

"தாவெட்டி, அது உங்க மன்றத்துக் கரடி. சிவப்புக் கொடிக்குப் பின்னாடி நடக்கற கரடி. எங்க ஆளுங்க பார்த்தா என்னை உயிரோட புதைச்சிடுவாங்க."

"தலையை மாட்டிக்கிட்டா உள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்?"

வெள்ளிக்கிழமை காலையில் வில்ஹோவின் விறகுக் கொட்டகையில் ஒரு தகர டப்பா இருந்தது. தூண்டில் இரை போட்டு வைக்கும் டப்பா. கழுவியிருந்தார்கள், ஆனால் தாவெட்டி கழுவியிருந்தார். உள்ளே ஒரு கரண்டி வீலி. வில்ஹோ அதைக் கிண்ணத்தில் தடவி, பாலை ஊற்றி, கிண்ணத்துக்குத் துண்டு போர்த்தி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீட்டைப்போல் சத்தம் போடாமல் நடமாடினார். ரேடியோவைக்கூட அணைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் மூடியிருந்த துண்டை விலக்கினார். மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய ஆடை. கரண்டியைத் தூக்கினால் வீலி கூடவே எழுந்து வந்தது. ஒரு ஓரத்தில் துளி எடுத்து நாக்கில் வைத்தார். எதிரி வீட்டு வீலிக்கும் இர்மாவின் வீலிக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இத்தனை வருஷம் தின்றும் தெரியவில்லையே என்று தன் நாக்கைத்தான் நொந்துகொண்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இர்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கிண்ணத்திடம் போனாள். குனிந்து முகர்ந்தாள். கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வில்ஹோவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்ன என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றாள்.

"சொன்னேன்ல?"

"ம். நீ விழாவுக்கு என்கூடத்தானே வர்றே?"

"நீ முன்னாடி போ. எனக்கு... குழாயில ஒரு வேலை இருக்கு."

கரடியின் தலை பன்றித் தொழுவமும் பழைய காலுறையும் சேர்ந்த மாதிரி நாறியது. நடக்கும்போது கழன்றுவிடக் கூடாது என்று தாவெட்டி அதைத் தூண்டில் நரம்பால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மீன்காரர் முடிச்சு, லேசில் அவிழாது. வெளியே தாளம் தொடங்கியது. சிவப்புக் கொடிக்குப் பின்னால், மன்றத்துப் பெரியவர்களின் படங்களுக்கு நடுவில், சர்ச் கட்சியின் வில்ஹோ கர்வோனென் கைகளை ஆட்டிக்கொண்டு நடந்தார். சர்ச் வாசலில் வந்ததும் தாவெட்டி காதோரம், "இங்கதான் புரளணும்," என்றார்.

"இங்கயா?"

"வருஷா வருஷம் இங்கதான். உங்களை வெறுப்பேத்தத்தான்."

கரடி சர்ச் வாசல் பனியில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரண்டது. செல்மா எறிந்த பனி உருண்டை சரியாக மூக்கில் வந்து விழுந்தது. படியில் நின்ற இர்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவளைச் சிரிக்கவைத்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்து, கரடி கேட்காமலே இன்னொரு தடவை புரண்டது.

பள்ளிக்கூட அரங்கத்தில் ஒரு கோடியில் சர்ச் மேஜை, மறுகோடியில் மன்றத்து மேஜை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் ஹக்காலா அம்மாள் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு கிண்ணங்கள். வில்ஹோ தலையைக் கழற்றப் பார்த்தார், முடிச்சு பனியில் உறைந்து கல்லாகிவிட்டிருந்தது. மூச்சுவிடும் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அம்மாள் இதில் ஒரு கரண்டி எடுத்தார். அதில் ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார். மறுபடி இது, மறுபடி அது. முதலில் இர்மாவின் கிண்ணத்தைக் காட்டினார்.

"இதுல லேசா ஏரி வாசனை வருது. அருமை."

கரடியின் பக்கத்தில் நின்ற தாவெட்டி தொண்டையைச் செருமினார்.

"மத்தபடி எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமா இருக்கு," என்றார் அம்மாள் சந்தோஷமாக. "ரெண்டும் ஒரே உறை. ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. சந்தேகமே இல்லை."

அரங்கமே ஸ்தம்பித்தது. எங்கள் ஊரில் கலவரம் என்றால் அப்படித்தான் இருக்கும். யாரும் கத்த மாட்டார்கள், காபியைக் கீழே வைத்துவிடுவார்கள். நூறு கோப்பைகள் தட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

"அப்ப யாரோ திருடியிருக்காங்க," என்றார் மன்றத்து மேஜையிலிருந்து ஒருவர்.

"யாரைச் சொல்றீங்க?" என்று செல்மா எழுந்தாள்.

"பேர் சொல்லலை. ஒருத்தங்களோட வீலி செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. செத்தது இன்னைக்கு எழுந்து வந்திருக்குன்னா எங்கேருந்து வந்திருக்கும்?"

எல்லாருடைய பார்வையும் இர்மாவின் மேல் திரும்பியது. கரடிக்குள் வில்ஹோவுக்கு வியர்த்துக் கொட்டியது. தன்னால் அவளுக்குத் திருடிப் பட்டம். பொத்தென்று விழுந்த வீலியை வைத்திருந்தாலாவது தோல்வியோடு போயிருக்கும். "அவ இல்லை, நான்தான்!" என்று கத்தினார். கரடித் தலைக்கு வெளியே அது "ஊம்ம்ம்" என்று உறுமலாக வந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

இர்மா மட்டும் பதறவில்லை. இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டாள்.

"காபி ஆறுது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள். காபி ஆறுவதைப் பொறுத்துக்கொள்ளும் கட்சி எங்கள் ஊரில் கிடையாது. கோப்பைகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன.

வில்ஹோ முடிவு செய்துவிட்டார். முதலில் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், அப்புறம் அரங்கத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவள் தன்னைக் கொட்டகையில் படுக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளலாம், கரடித் தோல் இருக்கிறது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

தொட்டியருகே இர்மா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசிக் கரண்டிகள் இரண்டும் தனித்தனிக் கோப்பையில் பத்திரமாக மூடியிருந்தன. அவள் பக்கத்தில் நின்று, தோளோடு தோள் இடிக்க, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தவள் ஹில்யா ரௌதியோ.

வில்ஹோ கதவருகிலேயே நின்றுவிட்டார். "இர்மா," என்றார். "ஊம்ம்," என்று வந்தது.

ஹில்யா திரும்பிப் பார்த்தாள். "எங்க கரடிதான். பிஸ்கட்டுக்கு வந்திருக்கும், அதுபாட்டுக்கு நிக்கட்டும்." மறுபடி துடைக்க ஆரம்பித்தவள், அடக்க முடியாமல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதேடி," என்றாள் இர்மா. அவளுக்கும் கிண்ணம் கையில் நிற்கவில்லை. "வெளியே கேட்டுடப் போகுது."

"சிரிக்காம என்ன பண்றது, இர்மா? என் ஆள் தின்னு தீர்த்தா நான் உன் பின்வாசலுக்கு வருவேன், உன் ஆள் தின்னு தீர்த்தா நீ என் பின்வாசலுக்கு வருவே. இத்தனை வருஷத்துல இப்பதான் முதல் தடவையா ஒரு ஆம்பளை தானே போய் வாங்கிட்டு வந்திருக்கான்!"